மூன்று லட்சம் யூனிட்டும் ஒரு கைத்தமனியும்: சண்டிகர் வைட்டமின் டி சோதனை பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். முழங்கைக்குச் சற்று மேலே, கைத்தமனி ஓடும் தடத்தில், அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை அசையாமல் பிடித்திருக்கிறார்கள். முன்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை சுற்றியிருக்கிறது. அதில் காற்றேற்றி இறுக்கி, ஐந்து நிமிடம் கைக்கு ரத்தம் போகாமல் தடுக்கிறார்கள். விரல்கள் மரத்துப்போகும் நேரத்தில் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். மதகு திறந்த வாய்க்கால்போல் ரத்தம் பாய்ந்து வருகிறது. அந்தப் பாய்ச்சலுக்குத் தமனி எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று திரையில் அளக்கிறார்கள்.

நலமான தமனி தன்மேல் உரசி ஓடும் ரத்தத்தின் வேகத்தை உணர்ந்து இடம் விடும். அதன் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் படர்ந்திருக்கும் சவ்வு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும், சுற்றியுள்ள தசை தளரும், குழாய் அகலும். சில மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியில் இந்த விரிவு சில சதவீதம்தான் இருக்கும். உட்சவ்வு வேலை செய்கிறதா, இல்லை வெறும் குழாய்தான் மிஞ்சியிருக்கிறதா என்பது அந்தச் சில சதவீதத்தில் தெரிந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் இந்த விரிவு குன்றியிருக்கும்.

சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் சிறுநீரகவியல் துறையினர், விவேக் குமார், விவேகானந்த் ஜா உள்ளிட்டோர், 120 நோயாளிகளிடம் இந்தச் சோதனையைச் செய்து, அதன் முடிவை 2017ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வைட்டமின் டி குறைந்திருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தால் தமனியின் விரிவு திரும்புமா என்பது அவர்கள் கேள்வி. திரும்பியது. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் சண்டிகர் முடிவை மட்டும் கையில் எடுத்தால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

குழாய்க்கு என்ன நேர்கிறது

சிறுநீரக நோய் வந்தவர் சிறுநீரகத்தால் இறப்பார் என்றுதான் வீட்டில் எல்லோரும் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அவரைக் கொண்டுபோவது இதயமும் ரத்தக்குழாயும்தான். டயாலிசிஸ் வரை போகாமலேயே மாரடைப்பிலும் இதயச் செயலிழப்பிலும் இறந்துவிடுகிறவர்கள் ஏராளம்.

அந்தக் குழாய்களில் இரண்டு கேடுகள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன உட்சவ்வு மந்தமாவது. மற்றொன்று, சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிவது. இரண்டாவதைத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல் பலர் நினைக்கிறார்கள். உண்மை அதைவிடக் கலவரமூட்டுவது. ரத்தத்தில் பாஸ்பரசும் கால்சியமும் ஏறும்போது, தமனிச் சுவரின் தசைச் செல்கள் தம் இயல்பை விட்டு எலும்புச் செல்களின் குணத்துக்கு மாறுகின்றன. எலும்பு உருவாகும் அதே வழியில் தமனிக்குள் சுண்ணாம்பு கட்டுகிறது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் குட்மேன் குழுவினர் டயாலிசிஸில் இருந்த இளம் நோயாளிகளின் இதயத் தமனிகளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 20 முதல் 30 வயது வரையிலான 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனியில் சுண்ணாம்பு இருந்தது. இருபது வயதுக்குக் கீழே இருந்த 23 பேரில் ஒருவருக்கும் இல்லை. இருபத்தைந்து வயதில் எழுபது வயதுத் தமனி! சுண்ணாம்பு இருந்தவர்கள், பாஸ்பரசைக் கட்டுப்படுத்துவதற்காகக் கொடுத்த கால்சியம் மாத்திரைகளை மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு உட்கொண்டிருந்தார்கள். நல்லெண்ணத்தில் கொடுத்த மருந்து குழாய்க்குள் போய்ப் படிந்திருக்கக்கூடும் என்ற ஐயம் அங்கே எழுந்தது. வைட்டமின் டி பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஐயத்தைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வைட்டமின் டியின் முதல் வேலையே குடலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரசையும் உறிஞ்ச வைப்பதுதான்.

குழாய் விறைப்பதன் விலையும் தெரிந்ததே. நாடித்துடிப்பின் அலை கழுத்துத் தமனியிலிருந்து தொடைத் தமனிக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பார்கள். குழாய் விறைத்திருந்தால் அலை விரைந்து ஓடும். 1999இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 241 டயாலிசிஸ் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, அலைவேகம் கூடியவர்களே அதிகம் இறந்தார்கள் என்று காட்டினார்கள்.

ஒரே பெயரில் இரண்டு மருந்து

என் தாய்மாமாவுக்குச் சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலை என்று தெரிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறைக் கணக்கில் ஒரு காசு தவறினாலும் உறங்காதவர். ஒருநாள் மருந்துப் பையைக் கொட்டி என் முன்னால் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் பொடிப் பொட்டலம். இன்னொன்று, தினமும் விழுங்கும் குட்டிக் குளிகை. “இரண்டையும் வைட்டமின் டி என்றுதான் கடைக்காரர் சொன்னார் மாப்பிள்ளை. பிறகு எதற்கு இரண்டு?”

இந்தத் துறையின் மையமான கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

பொட்டலத்தில் இருப்பது கோலிகால்சிஃபெரால். வெயில் பட்டால் தோலில் உருவாகும் அதே பொருள். அது கச்சாப் பொருள். கல்லீரல் அதில் ஒரு மாற்றம் செய்து இருப்பில் வைக்கிறது. ரத்தப் பரிசோதனையில் நாம் அளப்பது அந்த இருப்பைத்தான். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறார்கள். கடைசி மாற்றத்தைச் சிறுநீரகம் செய்கிறது. அப்போதுதான் அது கால்சிட்ரியால் என்ற முழு ஹார்மோன் ஆகிறது. குளிகையில் இருந்தது அந்த முழு ஹார்மோன்.

அளவைப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் புரியும். 40 யூனிட் என்பது ஒரு மைக்ரோகிராம். ஒரு பொட்டலம் 1,500 மைக்ரோகிராம். குளிகை 0.25 மைக்ரோகிராம். ஆறாயிரத்தில் ஒரு பங்கு! கச்சாப் பொருளை உடல் வாரக்கணக்கில் சேமித்து, தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும். முழு ஹார்மோன் உள்ளே போனதும் உடலின் அனுமதிக்குக் காத்திருக்காது. வேலையைச் செய்துவிட்டுச் சில நாட்களில் போய்விடும். வேலை என்பது குடலில் கால்சியத்தை உறிஞ்ச வைப்பதும், கழுத்துச் சுரப்பிகளில் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும் பாராதைராய்டு ஹார்மோனை அடக்குவதும்.

இந்தக் கடைசி மாற்றம் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்பதை 1970இல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் கண்டறிந்தார்கள். சிறுநீரகம் நீக்கப்பட்ட எலிகளால் அந்தப் பொருளைச் செய்ய முடியவில்லை. சிறுநீரக நோயாளிகளின் எலும்பு ஏன் உளுத்துப்போகிறது என்ற புதிருக்கு அங்கே விடை கிடைத்தது. செய்ய முடியாததை வெளியிலிருந்து கொடுத்துவிடலாமே என்று 1978இல் அமெரிக்காவில் கால்சிட்ரியாலுக்கு ஒப்புதல் தந்தார்கள். கால்சியத்தை அவ்வளவாக ஏற்றாமல் பாராதைராய்டை அடக்கும் என்ற எதிர்பார்ப்போடு 1998இல் பாரிகால்சிட்டால் என்ற செயற்கை உறவினரும் வந்து சேர்ந்தது. அதுவரை இவையெல்லாம் எலும்புக்கான மருந்துகள். ரத்தக்குழாய் பேச்சில் இல்லை.

அமெரிக்காவில் எழுந்த நம்பிக்கை

2003இல் பேச்சு மாறியது. ரவி தாதானி முதலியோர் 67,399 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி, பாரிகால்சிட்டால் பெற்றவர்களிடையே இறப்பு கால்சிட்ரியால் பெற்றவர்களைவிட 16 சதவீதம் குறைவு என்றார்கள். 2005இல் இன்னொரு 51,037 பேரின் பதிவேடு. இந்த முறை ஊசிவழி வைட்டமின் டி மருந்து ஏதேனும் பெற்றவர்களையும் எதுவுமே பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பெற்றவர்களிடம் இறப்பு 20 சதவீதம் குறைவு.

டயாலிசிஸ் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டிய மருந்து என்று சொல்லிக்கொள்ள அப்போது பெரிதாக ஒன்றுமில்லை. கொழுப்புக் குறைப்பு மருந்துகூட அவர்களிடம் கைகொடுக்கவில்லை என்று தெரிய வந்த காலம் அது. ஆகவே இந்த எண்கள் எவ்வளவு ஆவலைக் கிளப்பியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காரணம் சொல்லவும் ஆதாரம் இருந்தது. வைட்டமின் டி ஏற்பி, அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து பற்றும் புரதம், இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் ரெனின் என்ற சுரப்பு ஏறி, ரத்த அழுத்தம் கூடி, இதயம் தடிப்பதை 2002இல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். ரத்தக்குழாயின் செல்களில் அந்த ஏற்பி இருக்கிறது. சிறுநீரகத்தில் இருப்பதுபோல், கச்சாப் பொருளை ஹார்மோனாக மாற்றும் நொதி அங்கேயும் இருக்கிறது. எல்லாம் பொருந்தி வந்தது.

பொருந்தாத ஒன்று இருந்தது. கால்சியமும் பாஸ்பரசும் ஏற்கனவே ஏறிக்கிடக்கும் நோயாளிக்கு எந்த மருத்துவரும் இந்த ஊசியைப் போட மாட்டார். ஏறிக்கிடப்பவர்கள் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள். அப்படியானால் ஊசி பெற்றவர்கள் பிழைத்தது ஊசியாலா, ஊசி போடும் நிலையில் இருந்ததாலா? பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தாதானி அதைச் செய்தார் என்பதைத்தான் இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கிறேன். தன் கண்டுபிடிப்பைத் தானே உரைகல்லில் உரசிப் பார்க்க முன்வருகிறவர்கள் குறைவு. பிரைமோ என்று பெயரிட்ட அந்தச் சோதனையில், 11 நாடுகளைச் சேர்ந்த, டயாலிசிஸுக்கு இன்னும் போகாத 227 பேர் சேர்ந்தார்கள். 48 வாரம். தினமும் 2 மைக்ரோகிராம் பாரிகால்சிட்டால் அல்லது வெற்று மாத்திரை. இதயத்தின் இடது கீழறை எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை எம்ஆர்ஐ மூலம் அளந்தார்கள். 2012இல் முடிவு வந்தது: பாராதைராய்டு ஹார்மோன் இறங்கியது, இதயத் தடிப்பு அப்படியே இருந்தது. ரத்தத்தில் கால்சியம் மிகுந்துபோனது மருந்துப் பிரிவில் 22.6 சதவீதம் பேருக்கு, மறு பிரிவில் 0.9 சதவீதம் பேருக்கு.

ஹாங்காங்கில் 60 பேரிடம் 52 வாரம் நடந்த ஒபெரா சோதனையும் 2014இல் அதையே சொன்னது. அங்கே பலர் பாஸ்பரசைக் கட்டுப்படுத்தும் கால்சியம் மாத்திரைகளையும் கூடவே எடுத்தார்கள். கால்சியம் மிகுந்தவர்கள் 43.3 சதவீதம்.

பிறகு ஜப்பான். இறப்பையும் மாரடைப்பையும் நேரடியாக எண்ணிப் பார்த்த பெரிய சோதனை அது. டயாலிசிஸில் இருந்த 976 பேர், நான்கு ஆண்டுகள், தினம் 0.5 மைக்ரோகிராம் ஆல்ஃபாகால்சிடால் (கல்லீரலில் கால்சிட்ரியாலாக மாறும் மருந்து) அல்லது அது இல்லாத வழக்கமான சிகிச்சை. பாராதைராய்டு ஹார்மோன் அதிகம் ஏறாதவர்களையே சேர்த்தார்கள். அதாவது எலும்புக்காக இந்த மருந்து தேவைப்படாதவர்கள். 2018இல் வெளிவந்த கணக்கு: இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் மருந்துப் பிரிவில் 21.1 சதவீதம், மருந்தில்லாப் பிரிவில் 17.9 சதவீதம். தற்செயல் வேறுபாடாக இருக்கலாம் என்னும் எல்லைக்குள்தான் இது அடங்குகிறது. ஆனாலும் நன்மை எந்தப் பக்கமும் கண்ணில் படவில்லை.

சண்டிகரில் செய்தது

சண்டிகர் குழுவினர் வேறொரு முனையிலிருந்து தொடங்கினார்கள். முழு ஹார்மோனை விட்டுவிட்டுக் கச்சாப் பொருளை எடுத்தார்கள். டயாலிசிஸ் நோயாளிகளை விட்டுவிட்டு மூன்றாம், நான்காம் நிலையில் இருப்பவர்களை எடுத்தார்கள். அவர்களின் சிறுநீரகத்தில் கடைசி மாற்றத்தைச் செய்யும் திறன் ஓரளவு மிஞ்சியிருக்கும். நீரிழிவு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் நீரிழிவு தானே தனியாக உட்சவ்வைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தத்தில் வைட்டமின் டி இருப்பு 20 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் இந்த ஆய்வின் முதுகெலும்பு என்பது என் கருத்து. பசித்தவனுக்குச் சோறு போட்டால்தான் சோறு என்ன செய்யும் என்று தெரியும். வைட்டமின் டி சோதனைகள் பலவற்றில், வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பசியே இல்லை. அமெரிக்காவில் 25,871 பொதுமக்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்து, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று 2018இல் அறிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே குறைபாடு இல்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தியாவில் குறைபாடு உள்ளவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது வருத்தமான வசதி. கருத்த தோலில் வைட்டமின் டி மெதுவாகத்தான் உருவாகும். பகலெல்லாம் கூரைக்குக் கீழே கழிகிறது. உணவில் மிகக் குறைவு. சிறுநீரக நோயாளிக்கு இன்னொரு இழப்பும் உண்டு. சிறுநீரில் புரதம் ஒழுகும்போது வைட்டமின் டியைச் சுமந்து செல்லும் புரதமும் சேர்ந்தே ஒழுகிவிடுகிறது.

மருந்தளவு: 3,00,000 யூனிட், வாய்வழியே, இருமுறை. முதல் நாள் ஒன்று, எட்டாவது வாரம் ஒன்று. எடையில் ஒவ்வொரு தவணையும் ஏழரை மில்லிகிராம்தான். நம் ஊர்ப் பொட்டலக் கணக்கில் ஐந்து. ஆய்வாளர்களின் கண் முன்னாலேயே நோயாளிகள் அதை விழுங்கினார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் எத்தனை பேர் விழுங்கினார்கள், எத்தனை பேர் மறந்தார்கள் என்ற சந்தேகம் கடைசிவரை தொடரும். காசநோய் மருந்தை முன்னால் நிறுத்தி விழுங்க வைக்கும் நாட்டில் பழகிய மருத்துவர்களுக்கு இந்த யோசனை எளிதாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மறு பிரிவுக்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது.

பதினாறாவது வாரம் மீண்டும் பட்டையைக் கட்டி அளந்தார்கள். கைத்தமனியின் விரிவில் ஏற்பட்ட மாற்றத்தில் இரு பிரிவுகளுக்கும் இடையே 5.49 சதவீத வேறுபாடு. இதன் நம்பக எல்லை 4.34 முதல் 6.64 வரை, தற்செயலுக்கு இடமில்லை. வைட்டமின் டி இருப்பு மறு பிரிவைவிட 23.4 நானோகிராம் கூடுதலாக ஏறியது. பாராதைராய்டு ஹார்மோன் மறு பிரிவைவிட 100 பிக்கோகிராம் அளவுக்கு இறங்கியது. நாடி அலையின் வேகமும் நல்ல திசையில் நகர்ந்தது. அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின் 6 என்ற பொருளும் அப்படியே.

சில சதவீதம் மட்டுமே விரியும் ஒரு குழாயில் 5.49 என்பது சிறிய எண்ணே அல்ல. மலிவான, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஒரு பொடி, நான்கே மாதத்தில், குழாயின் பேச்சை மீட்டுத் தந்திருக்கிறது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

கை சொன்னதை இதயம் வழிமொழியுமா

கச்சாப் பொருள் நல்லது, முழு ஹார்மோன் கெட்டது என்று இங்கே கோடு கிழித்துவிட ஆசையாக இருக்கும். கிழிக்க முடியாது. இத்தாலியின் ரெஜியோ கலாப்ரியா நகரில் சோக்காலி குழுவினர் மூன்றாம், நான்காம் நிலை நோயாளிகள் 88 பேருக்குப் பன்னிரண்டு வாரம் பாரிகால்சிட்டால் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து, இதே கைத்தமனிச் சோதனையைச் செய்திருக்கிறார்கள். 2014இல் வெளிவந்தது. அங்கேயும் விரிவு கூடியது. மருந்தை நிறுத்திய இரண்டே வாரத்தில் அந்த ஆதாயம் மறைந்தும்போனது. ஆக, உட்சவ்வு ஹார்மோனுக்கும் செவிசாய்க்கிறது. அதே மருந்து, அதே அளவு, அதே நிலை நோயாளிகளிடம் பிரைமோவில் இதயத் தடிப்பை அசைக்கவில்லை.

இதுதான் இந்தக் கதையில் மிகவும் கனமான இடம். உட்சவ்வு வாரக்கணக்கில் மாறும் சவ்வு. இதயத் தசை ஆண்டுக்கணக்கில் தடித்தது. நடு அடுக்கில் கட்டிய சுண்ணாம்பு அதைவிடப் பிடிவாதமானது. முதலாவது இளகுவதால் மற்றவை இளகிவிடும் என்று யாரும் இன்னும் காட்டவில்லை. இடையில் எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோனும் குறுக்கே நிற்கிறது. பாஸ்பரசை வெளியேற்ற எலும்பு சுரக்கும் அது, வைட்டமின் டி மருந்து கொடுத்தால் ஏறும். ஏறினால் இதயத் தசையையே தடிக்க வைக்கும் என்று 2011இல் விலங்குகளில் நிறுவியிருக்கிறார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதற்கு உடலுக்குள்ளேயே வழி இருக்கிறது.

கனடாவில் லெவின் குழுவினர் செய்த ஒப்பீடு இன்னொரு குறிப்பைத் தருகிறது. 119 பேரை மூன்று பிரிவாக்கி, கல்லீரல் மாற்றம் முடிந்த இடைநிலைப் பொருளை ஒரு பிரிவுக்கும், கால்சிட்ரியாலை ஒரு பிரிவுக்கும், வெற்று மாத்திரையை ஒரு பிரிவுக்கும் ஆறு மாதம் கொடுத்தார்கள். நாடி அலைவேகம் இடைநிலைப் பொருள் பெற்றவர்களிடம் குறைந்தது, கால்சிட்ரியால் பிரிவில் பெரிதாக நகரவில்லை, வெற்று மாத்திரைப் பிரிவில் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சண்டிகர் காட்டிய திசையிலேயே இதுவும் நிற்கிறது: குழாயின் செல்களிடம் கச்சாப் பொருளைக் கொடுத்தால் தமக்கு வேண்டிய அளவு தாமே செய்துகொள்கின்றன போலும்.

அளவு என்று வரும்போது லண்டனில் ஷ்ராஃப் குழுவினர் 61 குழந்தைகளிடம் கண்டதை மறக்கவே முடியாது. டயாலிசிஸில் இருந்த அந்தக் குழந்தைகளில், ரத்தத்தில் கால்சிட்ரியால் மிகக் குறைவாக இருந்தவர்களுக்குக் கழுத்துத் தமனி தடித்து, சுண்ணாம்பும் படிந்திருந்தது. மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் அப்படியே. நடுவில் இருந்தவர்கள் மட்டும் தப்பியிருந்தார்கள். உப்பு இல்லாத சோறும் உப்புக் கரிக்கும் சோறும் ஒன்றுபோல் இறங்காது என்பதை நாம் நாக்கில் அறிவோம். தமனிக்கு நாக்கு இல்லாததால் ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது.

சண்டிகர் ஆய்வின் எல்லைகளையும் அதே மரியாதையோடு எழுத வேண்டும். ஒரே மருத்துவமனை. பதினாறு வாரம். இறப்பையோ மாரடைப்பையோ எண்ணும் அளவுக்கு அது பெரியதல்ல. அதற்காக அமைக்கப்பட்டதும் அல்ல. நீரிழிவு இல்லாதவர்கள் மட்டும் என்பது ஆய்வுக்குத் தெளிவைத் தந்தது. நம் சிறுநீரக மருத்துவமனைகளின் காத்திருப்பு வரிசையில் நிற்பவர்களிலோ நீரிழிவுக்காரர்களே மிகுதி. அவர்களின் கைத்தமனி இதே போல் விரியுமா என்பதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.

ஒரே வாயில் மூன்று லட்சம் என்ற அளவும் என்னை உறுத்துகிறது. ஆய்வுக்கு அது வசதி: கண் முன்னால் இரண்டு தடவை கொடுத்துவிட்டால் போதும். ஆனால் ஆஸ்திரேலியாவில் 2,256 முதிய பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தபோது, எலும்பு வலுவாகும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, அவர்கள் அதிகம் கீழே விழுந்தார்கள், எலும்பு முறிவும் கூடியது. 2010இல் வெளியான முடிவு அது. பெருமழை ஒரே நாளில் கொட்டுவதும் அதே மழை மாதம் முழுவதும் தூறுவதும் நிலத்துக்கு ஒன்றில்லை. அதே ஆதாயம் வாரம் ஒரு சிறு அளவில் கிடைக்குமா என்று அடுத்தவர்கள் பார்க்க வேண்டும். பார்க்கும்போது நீரிழிவுக்காரர்களையும் சேர்த்து, பதினாறு வாரத்தில் நிறுத்தாமல் ஐந்தாண்டு தொடர்ந்து, இறப்பையும் எண்ண வேண்டும். பொடி மலிவானது என்பதால் எந்த மருந்து நிறுவனமும் இதற்குப் பணம் போட வரிந்துகட்டிக்கொண்டு வராது. அரசுப் பணத்தில் செய்ய வேண்டிய வேலை இது. இந்தியா செய்யக்கூடிய வேலையும்கூட.

மருந்துச் சீட்டில்

கேடிகோ எனப்படும் உலகச் சிறுநீரக வழிகாட்டுக் குழு 2017இல் தன் பரிந்துரையைத் திருத்தியது. பிரைமோ, ஒபெரா முடிவுகள் அதற்கு முக்கியக் காரணம். டயாலிசிஸுக்குப் போகாத நோயாளிகளுக்குக் கால்சிட்ரியாலையும் அதன் உறவு மருந்துகளையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம்; நான்காம், ஐந்தாம் நிலையில் பாராதைராய்டு மிகையாகி மேலும் மேலும் ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒதுக்கி வையுங்கள் என்றது. கச்சா வைட்டமின் டி குறைந்திருந்தால் பொதுமக்களுக்குச் செய்வதைப்போலவே சரிசெய்யலாம் என்றது. ரத்தக்குழாய்க்காக எதையும் கொடுக்கச் சொல்லவில்லை.

இந்த வேறுபாடு மருந்துச் சீட்டுக்கு வந்து சேரும் வழியில்தான் பல இடங்களில் தொலைந்துபோகிறது. இரண்டு மருத்துவர்களைப் பார்க்கும் நோயாளிக்கு ஒருவர் பொட்டலம் எழுதுவார், மற்றவர் குளிகை எழுதுவார், மூட்டுவலிக்கு மூன்றாமவர் கால்சியம் மாத்திரை எழுதுவார். மூன்றும் ஒரே வயிற்றுக்குள் போகும். வாரம் ஒன்று என்று எழுதியதை நாளுக்கு ஒன்று என்று படித்து, கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக வந்து சேர்ந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கால்சியம் ஏறினால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் அடிவாங்கும்.

மாமாவின் விஷயத்தில் நடந்தது இதுதான். பொட்டலத்தை எழுதியவர் சிறுநீரக மருத்துவர். எட்டு வாரம் மட்டும் என்று எழுதியிருந்தார். குளிகையை எழுதியவர் முதுகுவலிக்காகப் பார்த்த வேறொருவர். அவருடைய சீட்டில் கால்சியம் மாத்திரையும் இருந்தது. மூன்றையும் மாமா நாலு மாதமாக ஒரு வேளை தவறாமல் எடுத்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிசகாத மனிதர் ஆயிற்றே. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். கால்சியம் 10.9. இயல்பின் மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய அறிக்கையில் அது 9.1.

சிறுநீரக மருத்துவர் குளிகையையும் கால்சியம் மாத்திரையையும் அன்றே நிறுத்தினார். பொட்டலத்தையும் தற்காலிகமாக நிறுத்தி, வைட்டமின் டி இருப்பு, பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். மூன்று வாரத்தில் கால்சியம் 9.6க்கு இறங்கியது. இருப்பு 41 என்று வந்தது, போதுமானது. இப்போது அவருக்கு மாதம் ஒரு பொட்டலம். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையை மாமா சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார். அடுத்த கால்சியம் பரிசோதனைக்கான நாளை அதன் கீழேயே அத்தை எழுதி வைத்திருக்கிறார்.